இரண்டு சாவிப் பீரோ

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கு,

உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு போட்டோ காட்டினார்களாம். மேடை, பின்னால் பேனர், பேனரில் இரண்டு அமைப்புகளின் பெயர் ஒரே அளவு எழுத்தில். வெள்ளைச் சட்டைப் பெரியவர்களும் டீ-ஷர்ட் போட்ட இளசுகளும் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். நடுவில் கழுத்தில் மாலையோடு நான். பழைய சங்கமும் புதிய குழுவும் கைகோத்து வேலை செய்வதற்கு நான் வார்டனாக இருந்த விடுதிதான் முன்மாதிரி என்று வகுப்பெடுத்தவர் சொன்னாராம். உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் பண்ணிப் பாராட்டினார். நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பேசி முடித்ததும் போனை மேஜைமேல் அறைந்து வைத்தேன். ஆத்திரம்தான், வேறென்ன.

அந்தப் போட்டோவில் நிற்க வேண்டிய ஒருத்தி அதில் இல்லை. அவள் இல்லாமல் போனதற்கு அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் எல்லோரும் காரணம். மாலை போட்டவள் முதல் காரணம். இதை உங்கள் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சங்கத்தைப் பற்றி. சங்கராபுரம் பக்கத்துக் காலனிகளிலிருந்து போய் அரசு விடுதியில் தங்கிப் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் அது. வாத்தியார், தபால்காரர், கரண்ட் ஆபீஸ்காரர், தாலுகா ஆபீஸ் கிளார்க் என்று எல்லாரும் ஆண்கள். ஒருவரை ஒருவர் அண்ணன், தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அண்ணன் தம்பி முறை வயதை வைத்து வருவதில்லை, விடுதியில் சேர்ந்த வருஷத்தை வைத்து வருவது. கூட்டத்தில் உட்காருவதும் அந்த வரிசையில்தான். முதல் செட்டுக்காரருக்கு நடு நாற்காலி. அவர் வரும்வரை அதில் யாரும் கைக்குட்டையைக்கூடப் போட மாட்டார்கள். அந்த முதல் செட்டில் மிச்சமிருந்தவர் தலைவர் ஐயா ஒருவர்தான். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாறு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தானே போய் நின்று பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அவர் இல்லையென்றால் நான் வார்டன் ஆகியிருக்க மாட்டேன், எங்காவது கரும்பு வெட்டிக்கொண்டிருப்பேன்.

பீரோ அந்தச் சங்கத்தின் ஏற்பாடு. காலனி வீடும் ஒழுகும், மலைமேல் இருக்கும் கூரை வீடும் ஒழுகும். ஒரு பிள்ளையின் சாதிச் சான்றைக் கரையான் தின்று, மறுபடி வாங்க அலைந்த அலைச்சலிலேயே அவள் படிப்பு நின்று போனது. அதற்குப் பிறகு, சங்கம் கைதூக்கிவிடும் பிள்ளைகளின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஓர் இரும்புப் பீரோவில் இருக்கும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று செயலாளரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். தனி ஆள் எவனும் ஒரு பிள்ளையின் காகிதத்தைப் பிடித்து வைத்து ஆட்டம் காட்டக்கூடாது என்றுதான் அந்த இரண்டு சாவி. என் சான்றிதழும் ஒரு காலத்தில் அதில்தான் இருந்தது. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் பீரோவை என் விடுதி ஸ்டோர் ரூமில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

புதிய குழு யாஸ்மின் தொடங்கியது. பஜாரில் வளையல் கடை வைத்திருப்பவரின் மகள். ஸ்கூட்டரில் மலைமேல் இருக்கும் கரியாலூர் வரை ஏறிப் போவாள், போன் சிக்னல் கிடைக்காத ஊர்களில் போய் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவாள். அவளோடு ஏழெட்டுப் பேர். ஒருவர் செல்போன் கடையில் இருப்பவர், ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுபவர், மலையிலிருந்து வந்து காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைவரும் கிடையாது, செயலாளரும் கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடும்.

சங்கத்துக்கு ஆபீஸ்களில் ஆள் தெரியும், மலை தெரியாது. குழுவுக்கு மலை தெரியும், ஆபீசில் ஒரு ஆளையும் தெரியாது. இரண்டையும் சேர்த்துவிட்டால் என் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை. இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன்.

மஞ்சுளாவுக்குச் சொந்த ஊர் கரியாலூர் பக்கம். என் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். யாஸ்மின் விண்ணப்பம் போட்டதில் சேலத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்துவிட்டது. அவள் ஊரில் அதுவரை நர்ஸ் படிக்கப் போன பெண் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். நகல் செல்லாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். என் விடுதிப் பிள்ளை என்பதால் அவள் அசல் எல்லாம் சங்கத்துப் பீரோவில் இருந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை இரண்டு தரப்பையும் விடுதி வராந்தாவில் கூட்டினேன். கூட்டம் முடிந்ததும் பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுப்பதாகத்தான் பேச்சு. யாஸ்மின் ஆட்கள் முன்னாலேயே வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டார்கள். அவர்கள் பழக்கம் அது. நான் பார்த்தேன். தலைவர் ஐயாவுக்கு இது பிடிக்காதே என்று மனசில் ஓடியது. காபி ஆறிவிடுமே என்று உள்ளே போய்விட்டேன்.

ஐயா வந்தார். வட்டத்தைப் பார்த்தார். வட்டத்தில் நடு நாற்காலி எது? அவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் நிற்கும்போது சங்கத்து ஆட்கள் எப்படி உட்காருவார்கள்? அவர்களும் நின்றார்கள். குழுவில் ஒருத்தர், "எங்க வேணா உக்காருங்க சார், இங்க எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஐயாவின் முகம் செத்துப் போயிற்று. "சரிம்மா, நீங்க நடத்துங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் பின்னால் மொத்தச் சங்கமும் இறங்கியது, சாவிகளும் சேர்ந்து போயின.

மறுநாள் காலையில் ஐயா வீட்டுக்குப் போனேன். நான் போவதற்குள் வேறொரு கூத்து நடந்திருந்தது. குழுவில் இருந்த ஒரு புத்திசாலி, 'பெருசுங்க சேர் சண்டை' என்று எழுதிச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். யாஸ்மின் திட்டி எடுக்க வைப்பதற்குள் சங்கத்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். ஊருக்குச் சேவை செய்யக் கிளம்பியவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. அவனை நினைத்தாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அந்தப் புள்ளைங்க வந்து மன்னிப்புக் கேக்கட்டும் வார்டனம்மா. சாவி எங்க போவுது?" என்றார் ஐயா.

"வெள்ளிக்கிழமை கடைசிங்கய்யா. மஞ்சுளா பாவங்கய்யா."

"இன்னும் நாலு நாளு கீதே."

அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டு வந்தேன். அப்போதே தகராறு செய்திருக்க வேண்டும். அந்த வாசலில் நின்று கத்தியிருக்க வேண்டும். படிக்க வைத்தவர் முன்னால் குரல் எழவில்லை.

யாஸ்மின் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாள். "நான் இன்னா தப்புப் பண்ணேன் மேடம்? சேர வட்டமாப் போட்டது குத்தமா? அந்த ஸ்டேட்டஸுக்கு வேணா சாரி சொல்றேன்" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தப் புதன்கிழமை போயிற்று. வியாழக்கிழமை ஐயா வீட்டுக்கு அழைத்துப் போனேன். முறையாகத்தான் மன்னிப்புக் கேட்டாள், குரலில் கேலி இல்லை. ஐயா தலையாட்டிவிட்டு, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? அவமானப்பட்டது சங்கம். ஞாயித்துக்கெழம பொதுக்குழு இருக்குது, அங்க வந்து சொல்லும்மா" என்றார்.

"ஐயா, சீட்டு நாளைக்கிங்க."

"நாளைக்கிக் காலையில பத்து மணிக்கி செயலாளர் வந்து தொறந்து குடுப்பாரு. நான் சொல்லி அனுப்புறேன். நான் புள்ளைங்க படிப்பக் கெடுக்குறவனா?"

அவர் மனசறிந்து கெடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதும்போது எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை. மஞ்சுளாவின் அம்மா விடிகாலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மகளுக்குப் புதுப் பாய், தட்டு, டம்ளர், ஒரு பையில் துணி. ஸ்டோர் ரூம் வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா எண்ணெய் வைத்துப் படிய வாரி, பஸ்ஸில் கசங்கிவிடும் என்று சுடிதாரின் துப்பட்டாவை மடித்து மடியில் வைத்திருந்தாள். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. பதினொன்றரைக்குத்தான் செயலாளர் வந்தார், ஒரு சாவியோடு.

இன்னொரு சாவி எங்கே என்றேன். "அண்ணன் திருநாவலூர்ல கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கிறேன்னு காலையில போன் பண்ணாரும்மா. சாவி அவரு கிட்டயே தங்கிடிச்சி. மறந்துட்டாரு போலக்கீது. இப்ப போனு எடுக்கல" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

விடுதிச் சமையலர் பச்சையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து பீரோ பக்கத்தில் சாத்தினார்.

"மேடம், ஒரே நெம்பு. வந்துரும். பூட்டு போனா வேற பூட்டு."

செயலாளர் குறுக்கே வந்து நின்றார். "வேணாம்மா. இத்த ஒடைச்சா சங்கத்தயே ஒடைச்ச மாதிரி. நாளைக்கி அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிப்ப? ஒன்ன படிக்க வச்சவரும்மா."

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். "மிஸ், இன்னும் எத்தினி நேரம் மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். சேலம் மேற்கே இருக்கிறது, திருநாவலூர் கிழக்கே. கார் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் சேலம் போய்விடலாம். கடப்பாரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டோர் ரூம் என் பொறுப்பு, பிள்ளை என் பிள்ளை. நான் என்ன செய்தேன் தெரியுமா? யாஸ்மினைக் கூப்பிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிழக்கே திருநாவலூருக்குப் போய்ச் சாவி வாங்கி வரச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனாள்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் ஐயா பந்தியில் இருந்தாராம். இவள் வாசலில் நின்றிருக்கிறாள். அவர் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து, சாவியைக் கையில் கொடுத்து, "மறந்தே பூட்டேன்மா" என்றாராம். உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று அவளிடம் கேட்டேன். "தெரில மேடம். எனக்குத் தெரிஞ்சிக்கவும் வாணாம்" என்றாள். யாஸ்மின் வேகாத வெயிலில் திரும்பி வந்தபோது மணி மூன்று. அவள் அப்பா கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் காரோடு காத்திருந்தார். இரண்டு சாவியும் போட்டோம், பீரோ சமர்த்தாகத் திறந்தது.

சேலம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். ஆபீசில் இருந்தவர் தங்கமான மனுஷர். எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிட்டோம்மா. அடுத்த பேரு பொண்ணு காலையிலேருந்து இங்கேயே காத்திருந்துச்சு. அதுக்குக் குடுத்தாச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் அப்போதுதான் படியிறங்கிப் போனார்கள். அந்தத் தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர்களிடம் நான் என்னத்தைக் கோபித்துக்கொள்வது?

திரும்பும் வழியில் மஞ்சுளா அழவில்லை. அவள் அம்மாதான் சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார். விடுதிக்கு வந்ததும் பச்சையம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அந்தப் பீரோவயே தூக்கி வண்டில போட்டுக்கினு போயிருந்தாக்கூட நேரத்துக்குப் போயிருக்கலாமே மேடம்" என்றார். அன்றைக்கு என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு நடக்கவில்லை. ஐயா தனியாக விடுதிக்கு வந்தார். இரண்டு சாவிகளையும் என் மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் படிச்ச காலத்துல ஹெட்மாஸ்டர் ரூமுல நம்ம சனத்துக்கு நாற்காலி கெடையாதும்மா. எங்கப்பன் தரையில உக்காந்துதான் கையெழுத்துக்குப் பதிலா ரேகை வச்சாரு. அதுக்குத்தாம்மா சங்கத்துல அந்த வரிசைய வச்சோம். ஒரு எடத்துலயாவது நடு நாற்காலி நம்மளுதா இருக்கட்டும்னு."

அது பொய்யில்லை. அந்த ரூமை நானும் பார்த்திருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன்.

"அவளுக்கு இன்னிக்கும் நாற்காலி கெடைக்கலீங்கய்யா" என்றேன்.

அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டு நாள் தாமதமாக வந்தது. ஐயா நின்றார், தலையாட்டினார், போனார். அடுத்த வாரம் சங்கம் கூடியது. அசல் சான்றிதழ்களை அந்தந்தப் பிள்ளையிடமே கொடுப்பது, ஈரம் புகாத உறை சங்கம் வாங்கித் தருவது, பீரோவில் நகல் மட்டும் வைப்பது, மலைக்குப் போகும் வேலை குழுவுக்கு, ஆபீசுக்குப் போகும் வேலை சங்கத்துக்கு என்று முடிவானது. எல்லாம் நல்ல முடிவுகள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. யாஸ்மின் ஐயாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறாள், ஐயா அதை வட்டத்துக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். மலைப் பெண்கள் எத்தனையோ பேர் அதற்குப் பிறகு படித்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் வகுப்பெடுப்பவர்கள் கை தட்டச் சொல்வார்கள். எனக்குக் கை வராது. இவ்வளவும் அந்தத் திங்கட்கிழமையே முடிந்திருக்க வேண்டியது. இவர்களுக்குப் புத்தி வர ஒரு பெண்ணின் படிப்பைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு அவளை விட்டுவிட்டு எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. பழைய அமைப்பும் வேண்டும், புதியதும் வேண்டும். இருவரையும் மதியுங்கள், காபி கொடுங்கள், நாற்காலியைப் பார்த்துப் போடுங்கள். ஆனால் அவர்களுக்கு நடுவே உங்கள் பிள்ளை மாட்டிக்கொண்டால் நீங்கள் யாருக்கும் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. நீங்கள் வார்டன். சமாதானம் பண்ணிவைப்பவள் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நான்கு நாளையும் அலைந்து தீர்த்தேன்.

மஞ்சுளா அந்த மாதமே அம்மாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். மறு வருஷம் யாஸ்மின் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள், அவள் விண்ணப்பம் போடவில்லை. என் பணி நிறைவு விழாவுக்கு நானே போனில் கூப்பிட்டேன். சங்கமும் குழுவும் சேர்ந்து நடத்துகிறார்கள், நீ கட்டாயம் வர வேண்டும் என்றேன். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஷிப்ட் முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறணும் மிஸ். எத்தினி மணி வரைக்கும் வரலாம்? லேட்டானா உள்ள வுடுவாங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் வா என்றேன். அவள் வரவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றேன், அந்த நேரத்தில்தான் போட்டோ எடுத்தார்கள்.

உங்களில் ஒருவர் அடுத்த வாரம் என் பழைய விடுதியில் பொறுப்பேற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். பொருள் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அண்டா, குண்டா, பாய், விளக்கு எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் 'கடப்பாரை ஒன்று' என்று இருக்கும். பட்டியலில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பச்சையம்மாவை எடுத்து வரச் சொல்லி, கையில் வாங்கித் தூக்கிப் பாருங்கள். நான் அதை ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை.